பாதியில் அறுத்த கம்பி

கோட்டிங்கன்,
ஜூன் 2, 1822

அன்புள்ள காஸ்பர்,

லிஸ்பெத்தின் கடிதம் நேற்று வந்தது. இருமல் நின்றுவிட்டதாம், ஆட்டுப்பால் குடிக்கிறாளாம், உன்னோடு வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுகளைக் கேட்டு எழுதுகிறாளாம். நகரத்துப் புகையிலிருந்து மகளை உன்னிடம் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தபடியே படித்தேன். கடைசியில், ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: "மாமா இடிமணியத் திரும்பக் கொண்டுவந்துட்டாரும்மா. போன வியாழக்கிழமை மேகம் கூடினப்போ நானும் மேல ஏறிக் கயிறு புடிச்சேன். கீழ ஊரே அழுதுச்சு."

என் முகம் மாறியதை உன் அத்தான் எர்ன்ஸ்ட் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவருக்குக் கண் மட்டும் கூர்மையாகிவிட்டது. "என்ன, உன் தம்பியா?" என்றார். வேறு யார்?

உனக்கு என்ன பைத்தியமா? இடியையும் கல்மழையையும் விரட்டுகிறோம் என்று அந்தத் தேவாலயக் கோபுரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தபோதுதானே இடி விழுந்து அண்ணனும் தம்பியுமாக இருவர் செத்தார்கள். நீ அப்போது தொட்டில் குழந்தை. அப்பா அவர்களைக் கீழே தூக்கி வந்ததை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தை நிறுத்தி, கோபுர உச்சியில் இடிதாங்கி வைப்பதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமா? வைத்தியருக்குக் கடவுள் பயம் விட்டுப்போச்சு என்றார்கள். நம் ஜன்னலில் சாணி எறிந்தார்கள். அதே தேவாலயத்தில் போதகராக நின்றுகொண்டு, அவர் மகனே அதை அவிழ்ப்பதா?

மணியை நிறுத்து. முடியாதென்றால் லிஸ்பெத்தை அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பு.

உன் அக்கா,
ஹென்ரியெட்டே


வோல்ஃப்ஸ்ரோடே,
ஜூன் 11

அன்புள்ள அக்கா,

பைத்தியமா என்று தொடங்கி உத்தரவில் முடிக்கிற கடிதம் எழுத உன்னை விட்டால் ஆளில்லை. அப்பாவின் வாரிசு நீதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். மணிச்சத்தம் இடியையும் கல்மழையையும் விரட்டும் என்று நானும் நம்பவில்லை. நானும் கோட்டிங்கனில் படித்தவன்தான். ஆனால் அப்பாவின் தலைமுறை எதை எடுத்தாலும் உண்மையா பொய்யா என்று கேட்டுக் கேட்டே இந்த ஊரை ஊமையாக்கிவிட்டது. ஊர்வலம் வேண்டாம், நேரம் வீண். கோடைத் திருநாள் நெருப்பு வேண்டாம், விறகு வீண். இடிமணி வேண்டாம், மூடத்தனம். சரி, மிச்சம் என்ன இருந்தது? அறிவு, வெளிச்சம், அளவுகோல்! பாரீசில் அறிவுக்குக் கோயில் கட்டினார்கள், தலை வெட்டும் மேடையையும் பக்கத்திலேயே போட்டார்கள். பிறகு அந்த வெளிச்சம் பீரங்கி வண்டியில் ஏறி நம் ஊருக்கும் வந்தது. பிரெஞ்சுப் படை ரஷ்யாவுக்கு நடத்திக் கூட்டிப்போன நம் பையன்களில் ஒருவன் திரும்பினானா?

பெரிய பண்ணை ஹார்ட்விக்கை உனக்கு நினைவிருக்கும். அவனுடைய இரண்டு மகன்களும் அந்தப் பனியில் போனார்கள். பத்து வருஷமாக அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. போன மாதம் மணி அடித்தபோது என் தோளில் சாய்ந்து அழுதான். "எங்க அப்பன் அடிச்ச மணிய்யா இது" என்றான். அந்தக் கண்ணீரை எந்த அளவுகோலால் அளப்பாய்?

இந்தக் காலம் வேறு, அக்கா. மனிதனுக்கு மூளைக்குக் கீழேயும் ஏதோ இருக்கிறது என்று எங்கள் தலைமுறை கண்டுபிடித்துவிட்டது. அது பாட்டில் இருக்கிறது, காட்டில் இருக்கிறது, படிப்பறியாத ஜனங்களின் பழக்கத்தில் இருக்கிறது.

அம்மா செத்த நாளை மறந்துவிட்டாயா? அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எல்லோரிடமும் சொல்வாய். அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன், எனக்குத் தெரியும்.

லிஸ்பெத் வரமாட்டாளாம். கேட்டேன். "அம்மாகிட்ட போனா மறுபடி இருமல் வந்துடும் மாமா" என்று சிரிக்கிறாள்.

காஸ்பர்


கோட்டிங்கன்,
ஜூன் 17

காஸ்பர்,

ஆமாம், நாடிதான் பார்த்தார். நாடி நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும் வரை அந்த மணிக்கட்டை விடவில்லை. விரலை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நீ அழுதுகொண்டே காட்டுக்குள் ஓடிவிட்டாய், அதனால் மிச்சத்தைப் பார்க்கவில்லை. உன் தலைமுறை கண்டுபிடித்ததாம்! நீங்கள் அதற்குப் பாட்டு கட்டினீர்கள், அவ்வளவுதான்.

தலை வெட்டும் மேடையை அப்பாவின் தலையில் கட்டாதே. அவர் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எதையும் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார்கள், ஜனங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மை குத்தி நம் ஊர்ப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது எது? நிலா வெளிச்சமா?

சண்டைக்காக எழுதவில்லை. இதை மட்டும் பொறுமையாகப் படி. அப்பா என்னைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது இது. இடி யாரையும் தண்டிக்க வருவதில்லை. அதற்குப் பூமிக்குப் போக வேண்டும், வழி தேடி வருகிறது. உயரமாக, ஈரமாக, உலோகமாக எது இருக்கிறதோ அதில் இறங்கும். இடிதாங்கி அதை விரட்டுவதில்லை, "இந்தப் பக்கம் வா" என்று கூப்பிடுகிறது. கூப்பிட்டு, கம்பி வழியாகச் சுவரோரம் இறக்கி, மண்ணுக்குள் விட்டுவிடுகிறது. ஆகவே முக்கியமானது உச்சியில் இருக்கும் கூர்முனை அல்ல, கம்பியின் கீழ்நுனி. அது ஈரமண்ணில் புதைந்திருக்கிறதா என்று அப்பா ஒவ்வொரு வசந்தத்திலும் தோண்டிப் பார்ப்பார். நீ பார்க்கிறாயா? அந்தக் கம்பி முழுசாக இருந்தால், நீ அடிக்கிற மணி வெறும் சத்தம், அடித்துத் தொலை. இருந்தாலும் என் மகள் மேலே போக வேண்டாம்.

எர்ன்ஸ்ட் தானாகத் திரும்பிக்கூடப் படுக்க முடியாது. மருந்துக்கடையையும் நான்தான் பார்க்கிறேன். இல்லாவிட்டால் நானே வந்து அவளை இழுத்துப்போவேன்.

ஹென்ரியெட்டே


வோல்ஃப்ஸ்ரோடே,
ஜூன் 28

அன்புள்ள அக்கா,

அம்மாவைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். எனக்குத் தெரியாது. அதன் கீழே நீ பாடம் நடத்த ஆரம்பித்ததும் மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இடியைப் பற்றி அப்பாவிடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான்.

இங்கே நிலைமை மோசம். ஒரு பொட்டு மழை இல்லை. மேகம் மலை வரைக்கும் வருகிறது, நம் கோபுரத்துக்கு நேராக வந்ததும் இரண்டாகப் பிரிந்து போகிறது. அப்படித்தான் ஊர் சொல்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க அப்பாரு வச்ச கம்பிதான் மழைய வெரட்டுது போதகரய்யா. புடுங்கிப் போடுங்க, இல்லன்னா நாங்க புடுங்குறோம்" என்றான் ஹார்ட்விக். பின்னால் நின்றவர்கள் கையில் கோடரியே இருந்தது. சிலர் கல்லறையில் அப்பா பெயரை மிதித்துக்கொண்டு நின்றார்கள். பயந்துவிட்டேன், அக்கா. மறைக்க என்ன இருக்கிறது?

கழற்றினால் மாவட்ட அதிகாரி கேள்வி கேட்பார், நீயும் என்னை விடமாட்டாய். விட்டுவைத்தால் ஊர் விடாது. கடைசியில் எல்லோருக்கும் சம்மதமான ஒரு வழி கண்டுபிடித்தேன். கூர்முனை உச்சியிலேயே இருக்கட்டும். மணிக்கூண்டு ஜன்னல் வரை கம்பியும் இருக்கட்டும். அதற்குக் கீழே மண் வரைக்கும் போகிற பாதியை மட்டும் கொல்லன் அறுத்து எடுத்துவிட்டான். கலப்பைக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டான். கம்பி தங்கள் மண்ணைத் தொடவில்லை என்று ஜனங்களுக்கு நிம்மதி. அப்பாவின் இடிதாங்கி உச்சியில் நிற்கிறது என்று உனக்கு நிம்மதி. பாதி அவர் காலம், பாதி நம் காலம். நீயும் நானும் இத்தனை வருஷமாகச் செய்ய முடியாத சமாதானத்தை ஒரு ரம்பம் செய்துவிட்டது!

ஹார்ட்விக் எனக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பியிருக்கிறான். மேகம் கூடினால் அடிப்பதற்கு முறை போட்டிருக்கிறார்கள், முதல் முறை லிஸ்பெத்துக்கு. கயிறு குட்டை என்பதால் கூண்டுக்குள்ளேயே, ஜன்னலோரமாக நின்றுதான் அடிக்க வேண்டும். தலைமுடி காற்றில் பறக்க அவள் அங்கே நிற்பதை நீ பார்க்க வேண்டும்.

காஸ்பர்


கோட்டிங்கன்,
ஜூலை 3

காஸ்பர்,

நீண்டு எழுதினால் மடித்து வைத்துவிடுவாய். அதனால் எழுதவில்லை. குதிரைக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

லிஸ்பெத்தை அந்தக் கூண்டிலிருந்து இறக்கு. காரணம் கேட்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் தம்பி, என் பிள்ளையை இறக்கு.

அக்கா


வோல்ஃப்ஸ்ரோடே,
ஜூலை 8

அக்கா,

லிஸ்பெத் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் படித்துவிடு. காது கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, சரியாகிவிடும்.

உன் ஆள் வந்தபோது நான் கல்லறைத் தோட்டத்தில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை மறைந்துவிட்டது. மேலே மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. மழை வரப்போகிறது என்று ஊரே கோபுரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நேரத்தில்தான் உன் சீட்டைப் பிரித்தேன். பக்கம் பக்கமாக நிரூபிக்கிற நீ, ஒன்றையும் நிரூபிக்காமல் காலைப் பிடித்திருந்தாய். அதனால்தான் ஓடினேன். காரணம் எழுதியிருந்தால் ஓடியிருக்கமாட்டேன், இதுதான் உண்மை.

மேலே லிஸ்பெத் அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறைக்கு ஹார்ட்விக் தயாராக நின்றான்.

"லிஸ்பெத், கயித்த விடு! கீழ எறங்கு!"

"என்ன மாமா, இப்பதான ஆரம்பிச்சேன்!"

கையைப் பிடித்து இழுத்தேன். மணி தடுமாறி நின்றது. ஹார்ட்விக் பதறிப்போனான். "அய்யய்யோ, என்ன பண்றீங்க? பாதியில நிறுத்தினா கல்மழை கொட்டும்யா! மிஞ்சியிருக்கற பயிரும் போயிடும்!"

"நீயும் எறங்கு ஹார்ட்விக். இன்னிக்கு மணி வேணாம்."

"ஏன்?"

அக்கா, அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் இருந்த சீட்டில் லிஸ்பெத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. "எங்க அக்கா சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வைத்தியர் மகளா? அப்பாரு பேச்சுதான் அந்தம்மாவுக்கும் வரும். போன மாசம் நீங்கதானே பிரசங்க மேடையில நின்னு இந்த மணியப் பத்தி அப்படிப் பேசினீங்க? பொண்ணு பயந்துருக்கு, கூட்டிட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டான். லிஸ்பெத்தை இழுத்தது போல அவனையும் இழுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. நானே ஏற்றிவைத்த மனுஷனிடம் எதைச் சொல்லி இறங்கச் சொல்வது? படியில் இறங்கினோம். தலைக்கு மேல் மணி அடித்துக்கொண்டிருந்தது. கீழ் வாசலைத் தாண்டுவதற்குள் இடி விழுந்தது.

அவனை நான்தான் தூக்கி வந்தேன். எப்படி இருந்தான் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். பிறகு மழை வந்தது. கல்லில்லாத நல்ல மழை, ராத்திரி முழுக்க.

மறுநாள் விடிந்ததும் மேஜையைத் திறந்து உன் ஜூன் மாதக் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாய். கூர்முனையால் இடியைக் கூப்பிட்டு, ஜன்னல் வரை அழைத்து வந்து, மணிக்கயிறு பிடித்தவன் தோளில் இறக்கிவிட்டேன்.

இப்போது நீ கேட்க வேண்டியது வேறு ஒன்று. ஹார்ட்விக் உயிரைக் கொடுத்து மழை வாங்கினான் என்கிறார்கள். மணி தடுமாறிய இடைவெளியில்தான் இடி உள்ளே நுழைந்தது, வைத்தியர் பேத்தி கயிற்றை விட்டதுதான் காரணம் என்கிறார்கள். லிஸ்பெத் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். ஹார்ட்விக்கின் மனைவி கத்ரீனா யாரோடும் பேசுவதில்லை. அடுத்த முறை மேகம் கூடினால் நான்தான் அடிப்பேன் என்று அவள் தம்பி சத்தியம் செய்திருக்கிறான். கம்பியைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. அது மண்ணைத் தொடவில்லை, ஆகவே அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருக்கிறார்கள்.

யாருக்கும் தெரியாமல் கம்பியை ஒட்டவைத்துவிட்டு, லிஸ்பெத்தை உன்னிடம் அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? இரண்டு நாளாக அதையேதான் நினைக்கிறேன். ஞாயிறு பிரசங்கத்துக்கு என் வாயில் ஒரு வார்த்தை இல்லை. நீ சொல், அக்கா. இந்த முறை எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிக்கிறேன்.

காஸ்பர்


கோட்டிங்கன்,
ஜூலை 11

தம்பி,

லிஸ்பெத் பிழைத்தாள் என்று படித்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பக்கத்தைப் படித்தபோது அந்தச் சந்தோஷத்துக்காக என்னையே வெறுத்தேன். இரண்டும் உண்மைதான்.

மறைத்து ஒட்டவைக்கக் கூடாது. இருட்டில் ஒட்டினால், யாராவது பார்த்து மறுபடி அறுப்பார்கள், மறுபடி ஒருவன் கயிற்றோடு நிற்பான். எல்லோரும் பார்க்க, எல்லோரும் சேர்ந்து, பகலில் சேர்க்க வேண்டும். அதற்கு அவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். உன் வேலை போகலாம். போகட்டும்.

லிஸ்பெத்தை அனுப்பாதே. இப்போது கிளம்பினால் குற்றம் அவள் முதுகோடு வரும். ஞாயிறன்று முன்வரிசையில் உட்காரட்டும். கீழே எழுதியிருப்பதை மேடையில் நின்று படி. உன்னால் முடியாவிட்டால் அவள் எழுந்து படிக்கட்டும்.

கத்ரீனா அம்மாவுக்கு,

நான் ஹென்ரியெட்டே, வைத்தியர் மகள். உங்கள் கணவர் என் தம்பியிடம் "ஏன்?" என்று கேட்டாராம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சொல்கிறேன்.

இடிக்குப் பூமிக்குப் போக வழி வேண்டும். கோபுரத்தின் மேல் இருக்கிற கூர்முனை அதைக் கூப்பிடும், கம்பி அதை மண்ணில் கொண்டுபோய் விடும். வழி மண் வரைக்கும் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் ஊரில் அந்த வழியை ஜன்னலோடு நிறுத்திவிட்டார்கள். ஊர் கேட்டது, என் தம்பி செய்தான். ஜன்னல் வரை வந்த இடி அங்கே நின்றவர் வழியாகப் போனது. மணி நின்றதால் அல்ல. என் மகள் கயிற்றை விட்டதால் அல்ல. மணி அடித்ததால்கூட அல்ல. கம்பி பாதியில் நின்றதால்.

மண்ணைத் தொட்டால் கம்பி மழையை விரட்டும் என்று நினைத்தீர்கள். அது பொய் என்று சொல்லிவிட்டு எங்கள் அப்பா போய்விட்டார். உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று அவர் உட்கார்ந்து கேட்கவில்லை. என் தம்பி கேட்டான், ஆனால் கேட்டதோடு விட்டுவிட்டான்.

எனக்கு எல்லாம் தெரியும். ஜன்னலோரம் யார் நின்றாலும் சாவு என்று கம்பியை அறுத்ததாக என் தம்பி எழுதியதைப் படித்த நிமிஷமே தெரியும். முறை போட்டிருக்கிறார்கள், என் மகளுக்கு அடுத்து இன்னொருவர் நிற்பார் என்றும் தெரியும். குதிரைக்காரன் வாசலில் காத்திருந்தான், மையும் காகிதமும் இருந்தன. "யாரும் மேலே போகக் கூடாது" என்று ஒரு வரி எழுத எனக்கு நேரம் இருந்தது. நான் என் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதினேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் தம்பி கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் கொல்லனிடம் போய் அந்தக் கம்பியை வாங்கி வரட்டும். அவரே அதை மண்ணில் புதைக்கட்டும். பிறகு வேண்டுமானால் உங்கள் கணவருக்காக மணி அடிக்கட்டும், பயமில்லை.

உங்கள் கணவர் பிடிவாதக்காரர் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர் காரணம் கேட்டார். யாரும் சொல்லவில்லை.